மனு போடாத தெரு

மழைநீர்க் குளம் நிரம்பினால் உபரி நீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் திட்டக் கணினிதான் முடிவு செய்கிறது. ஆட்சேப மனு குறைந்த பக்கம் நீலக் கோடு போட்டு வாய்க்கால் வெட்டுவார்கள்.

தொழிற்பேட்டையிலிருந்து நாலாயிரம் மனுக்கள். ஒவ்வொரு இயந்திரமும் தன் பெயரில் ஒன்று போட்டிருந்தது. பொறியாளர் மங்கையர்க்கரசி குடியிருந்த தெருவிலிருந்து ஒன்றுகூட இல்லை. “மனுவெல்லாம் எதுக்கு? நான் அந்தத் திட்ட ஆபீஸ் உள்ளேதானே இருக்கேன், பாத்துக்கிறேன்” என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். கடைசியில் கையால் மாற்றிவிடலாம் என்று நம்பியிருந்தாள். அவள் தெரு வழியாக வாய்க்கால் போகும் வரைபடத்தைக் காட்டி, கணினி அவளிடம் கேட்டது கையெழுத்தை மட்டும்தான். வேலை போய்விடுமே என்று போட்டாள்.

மறுநாள் அலுவலகத்துக்குத் தம்பி ராஜவேலு போன் செய்தான்.

“அக்கா, நம்ம தெருவுல ஆளுங்க வந்து நீலக் கோடு போடறாங்க. வெள்ளம் வராம இருக்க நீதான் அவங்கள அனுப்பியிருக்கேன்னு, எல்லா வீட்லேருந்தும் அவங்களுக்குக் காபி போகுது.”