ஓரணாவுக்கு ஒரு சலாம்

நாலாவது தடவை முங்கி எழுந்தபோதும் அருள்நாதன் சிரித்தான்.

கடைவாயில் ஒதுக்கியிருந்த ஓரணாவை எடுத்துத் தூக்கிக் காட்டினான். நெற்றியில் கைவைத்து ஒரு சலாம் போட்டான். கப்பல் தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற துரைமார்களும் துரைசானிகளும் கைதட்டினார்கள்.

அவன் தம்பி சவரி நேற்றுச் சாயங்காலம் இதே இடத்தில், துரைமார் தண்ணீரில் வீசிய காசுக்கு முங்கினான். எழவில்லை.

இந்தக் கப்பல் பத்து மணிக்குச் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறது. கிளம்பினால் பின்னாலிருக்கும் இரும்பு விசிறி சுழலும். அது சுழன்ற பிறகு அடியில் கிடக்கிற எதுவும் முழுசாக மேலே வராது. ராயபுரத்தில் பிறந்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விடிந்ததிலிருந்து அவனும் கெஞ்சிப் பார்த்துவிட்டான். பிணம் தேடுவதென்றால் கப்பல் போன பிறகு தேடிக்கொள், பிரயாணிகள் கண்ணில் அதெல்லாம் படக்கூடாது என்று துறைமுக அதிகாரிகள் சொல்லிவிட்டார்களாம். காசுக்கு முங்குவதானால் தடையில்லை. அது பிரயாணிகளுக்குப் பொழுதுபோக்கு. நல்ல நியாயம்தான், போங்கள்.

கப்பல் அணைந்து நிற்கும் வார்ஃபில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் நீலமேகம்தான் வழி சொன்னான். அவனும் திருவொற்றியூர்க் கடற்கரையில் வளர்ந்தவன்.

“இதோ பாரு நைனா, நீ காசுக்கு முங்கறே, நான் பாத்துகினு கீறேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும். தொரசானிங்க எதிர்ல பொணம் மேல வந்துச்சு, என் வேலைக்கு வேட்டு.”

அதனால் அருள்நாதன் சிரித்தான்.

தட்டில் ஒரு துரை கையில் சின்னப் புத்தகம் வைத்திருந்தார். எந்த ஊரில் யாருக்கு எவ்வளவு இனாம் தரலாம் என்று அச்சடித்த புத்தகமாம் அது. ரிக்‌ஷாக்காரனுக்கு இரண்டணா, முங்குகிறவனுக்கு ஓரணா, அதற்கு மேல் கொடுத்துக் கெடுக்கக்கூடாது. வாங்கியவன் சலாம் போடாவிட்டால் மறுபடி காசு வீசவே கூடாது. புத்தகத்தை அருள்நாதன் படித்ததில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறதென்று துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆக ஒவ்வொரு முங்கலுக்கும் இரண்டு வேலை. முதலில் காசு, பிறகுதான் தம்பி. மூச்சில் பாதி காசைத் துழாவுவதிலேயே போய்விடும். காசில்லாமல் மேலே வந்தால் அடுத்த காசு விழாது. காசு விழாவிட்டால் நீலமேகம் விசில் ஊதிக் கரையேற்றியாக வேண்டும்.

“போடு தொரை, போடு! அடிமட்டம் வரைக்கும் போறேன், போடு!”

தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் பல்லை இளித்துக்கொண்டே கத்தினான்.

ஐந்தாவது முங்கலில் ஒரு பாதம் கைக்குத் தட்டுப்பட்டது.

ஆறாவதில் விஷயம் புரிந்தது. வார்ஃப் தூணில் துருத்திக்கொண்டிருந்த இரும்பில் சவரியின் அரைக்கச்சை மாட்டியிருந்தது. கரித்தூசியும் எண்ணெயும் கலந்த தண்ணீரில் முகம் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று அருள்நாதன் நினைத்தான்.

மேலே வந்தபோது கப்பல் சங்கு ஊதியது. ஏணியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

இனி ஒரு முங்கலுக்குத்தான் நேரம். மேலே கொண்டுவந்து, பக்கத்தில் மிதக்கும் தன் கட்டுமரத்தின் அடியில் யார் கண்ணிலும் படாமல் கட்டிவிட வேண்டும். பிழைப்பு முடிந்தவனைப்போல மெதுவாகத் துடுப்புப் போட்டு ராயபுரம் கரைக்குப் போய்விட வேண்டும். கரையில் சவரியின் பெண்சாதி சிலுவையம்மாள் நேற்றிலிருந்து ஈரமணலில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. “உசுரோட கேக்கல மாமா, மொகத்தையாவது ஒருவாட்டி காட்டிடு” என்று சொல்லி அனுப்பியவள் அவள்.

யாரோ ஒரு காசை வீசினார்கள். அது எங்கே விழுந்ததென்றுகூடப் பார்க்காமல் அருள்நாதன் முங்கினான்.

அரைக்கச்சை கிழிந்து வந்தது. தம்பி கனத்தான். மணிக்கட்டைப் பிடித்துக் காலால் தூணை உதைத்து மேலே வந்தான். காதுக்குள் ரத்தம் இரைந்தது.

தலை மட்டும் தண்ணீருக்கு வெளியே. ஒரு கையால் கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டான். அடுத்த கையில், தண்ணீருக்குள், தம்பியின் மணிக்கட்டு. கயிறு கட்டுமரத்தின் மேல் எட்டும் தூரத்தில் கிடந்தது. அதை எடுக்க முதலில் கொஞ்சம் மூச்சு வேண்டும். வாயைத் திறந்து காற்றை விழுங்கினான். கண்ணீர் வந்தது. கிடைத்துவிட்டான், கிடைத்துவிட்டான் என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்போது கட்டுமரத்தின் மேல் டங்கென்று ஒரு காசு விழுந்தது.

ராஜா தலை போட்ட முழு வெள்ளி ரூபாய்.

தட்டின் ஓரத்தில் ஒரு கிழத்துரைசானி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு மனுஷன் நெடுநேரம் வெளியே வரவில்லையே என்று பயந்து போயிருக்க வேண்டும். அவன் தலையைக் கண்ட சந்தோஷத்தில் புத்தகத்தையெல்லாம் மறந்து ரூபாயை வீசிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்களும் குனிந்து அவனையே பார்த்தார்கள்.

அருள்நாதன் நிமிர்ந்து பார்த்தான்.

இருபத்தைந்து வருஷமாகக் காசு விழுந்த உடனே செய்கிற காரியம். யோசித்துச் செய்வதில்லை.

கை எழுந்து நெற்றியைத் தொட்டது. விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை குவிந்து, ஒரு குறையும் சொல்ல முடியாத சலாம்.

தட்டில் எல்லோரும் ஆரவாரித்தார்கள். புத்தகத்துத் துரைகூடத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். கப்பலின் பின்னால் தண்ணீர் சுழன்று நுரைக்கத் தொடங்கியது. நீலமேகம் விசிலை ஊதிக்கொண்டே இருந்தான்.

அருள்நாதன் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் இருந்தான்.

ஒரு கணம் முன்புவரை அந்தக் கையில்தான் தம்பி இருந்தான்.