பெயருக்கு முன்னால்

ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அவள் தன் பெயரைத் தட்டச்சு செய்வதைக் கணவனின் அக்கா பின்னாலிருந்து பார்த்தாள்.

“கல்யாணமாகி ஆறு மாசமாச்சு. இன்னும் அதே இனிஷியலா? என் தம்பி பேரைப் போட்டா குறைஞ்சா போயிடுவே?”

“குறைஞ்சுதான் போவேன், அண்ணி. இதுவரைக்கும் வந்த என் கட்டுரை எல்லாமே இந்தப் பேர்லதான் இருக்கு. மாத்தினா பல்கலைக்கழகக் கணக்குல நான் ரெண்டு ஆளாயிடுவேன். துறைத்தலைவர் பதவிக்குப் போட்டி போடற நேரத்துல, புதுப் பேர்ல இருக்கறவ கையில இந்த ஒரு கட்டுரைதான் இருக்கும்.”

“ரெண்டு ஆளானா நல்லதுதான். ஒருத்தியாவது சமையலைப் பார்ப்பா.”

அவள் சிரித்தாள். ஆனால் எழுத்தை மாற்றவில்லை.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் தாழ்ந்தது. “உங்க அப்பா பேரா இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கினியே, அந்த ஆளோட எழுத்தும்மா இது!”

அவள் திரையில் தன் பெயருக்கு முன்னாலிருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“அவர் ஒரு வரிகூட எழுதினதில்ல, அண்ணி. இந்த எழுத்தைப் பார்த்தா படிக்கிறவங்களுக்கு என் ஞாபகம்தான் வரும். வீட்டை அவருக்கே விட்டுட்டு வந்தேன். இதை விட மாட்டேன்” என்றபடி அவள் கட்டுரையை அனுப்பினாள்.