கட்டடத்துக்கே ஒரு கோட்டு

"கோட்டா? என்கிட்ட இல்லையேம்மா" என்றார் நர்ஸக்கா.

லிஃப்ட் வாசலில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தையல்காரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. விசா வந்ததிலிருந்து தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தவள் அவள். ஏழெட்டு வருஷம் கழித்து, கடல் தாண்டி இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறாள். வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி, பிறகு மகள் கல்யாணம், பிறகு அவள் பிரசவம் என்று ஒன்று மாற்றி ஒன்று காலைக் கட்டிப் போட்டிருந்தது.

அக்கா ஊரில் குளிர் எலும்பைக் கடிக்கும். ஆனால் கோட்டைப் பற்றி மட்டும் அவள் கவலைப்படவே இல்லை. நர்ஸக்காவின் கறுப்புக் கோட்டுதான் அந்தக் கட்டடத்துக்கே கோட்டு. குளிர் தேசத்துக்கு யார் கிளம்பினாலும் அதைத்தான் கேட்டு வாங்கிப் போவார்கள். ஒவ்வொரு வீட்டு ஆல்பத்திலும் பனிக்கு நடுவே முகம்தான் மாறும், கோட்டு மாறாது.

"இல்லைன்னா எப்படிக்கா? போன தடவை நான் போட்டுட்டுப் போனேனே, அதேதான்!"

"அது இப்ப என்கிட்ட இல்லம்மா. சாயங்காலமா மேல வா, பேசிக்கலாம்."

"இதுல பேச என்ன இருக்கு? குடுக்க மனசில்லைன்னா அதைச் சொல்லிட்டுப் போங்க."

நர்ஸக்கா லிஃப்டில் ஏறிவிட்டார்.

"போன வருஷம் எனக்கும் இதே பதில்தான்" என்றார் மூன்றாம் மாடி டாக்சிக்காரர். "வயசாக ஆக சிலருக்குக் கை மூடிக்கும்போல."

"கை இல்லண்ணே, மனசு மூடிக்கிச்சு" என்றாள் தையல்காரம்மா, லிஃப்டுக்குள் கேட்கட்டும் என்று.

சாயங்காலம் அவள் மேலே போகவில்லை. நர்ஸக்காதான் இறங்கி வந்தார். வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து வாயடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுகொண்டார். கையில் ஒரு கம்பளிச் சால்வை.

"இதையாவது எடுத்துட்டுப் போம்மா. ஆமா, பழைய பெட்டியெல்லாம் இறக்கிப் பார்த்தியா?"

"பெட்டி புதுசே வாங்கியாச்சு" என்று வெடுக்கென்று சொல்லிச் சால்வையை வாங்கிக்கொண்டாள்.

அவர் போனதும், "யானையைக் கேட்டா பூனையைக் குடுக்கறாங்க" என்றாள்.

"பூனையும் சூடாத்தான் இருக்கும், எடுத்து வை" என்றார் வீட்டுக்காரர்.

அக்காவின் போன் வந்ததும் எல்லாக் கோபமும் பறந்துவிட்டது. "வாடி வாடி, இன்னையிலிருந்தே உனக்காகக் கதவைத் திறந்து வச்சிருக்கேன்!"

"அந்தக் குளிர்லயா? மொதல்ல மூடுக்கா, நான் வர்றதுக்குள்ள உறைஞ்சு போயிடாதே!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரரும் காரணம் தெரியாமல் சிரித்தார். இராத்திரி முழுக்க அவள் எழுந்து எழுந்து பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னொரு தடவை தொட்டா அது தானாவே பறந்து போயிடும்" என்றார் அவர்.

கிளம்புகிற காலையில் புதுப்பெட்டி மூட மறுத்தது. அவர் மேலே ஏறி உட்கார்ந்தும் மூடவில்லை. கடைசியில் ஸ்டூல் போட்டு, பரணிலிருந்து பழைய சின்னப் பெட்டியை இறக்கினார்.

போன தடவை குளிர்த் துணிகளை அடைத்துக் கொண்டுவந்த பெட்டி அது. ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கேதான் அவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, கூடவே ஏறி உட்கார்ந்து போனவர் நர்ஸக்கா. யாரோ பிரிக்காமலே பெட்டியைப் பரணில் ஏற்றினார்கள். அதற்கப்புறம் அதை யார் நினைத்தார்கள்?

தூசியைத் தட்டித் திறந்தாள். காலுறை. குல்லாய். அதற்கு அடியில், கறுப்பாக, கனமாக...

இதே மாதிரி இன்னொரு கோட்டு உலகத்தில் இருக்கக்கூடாதா என்று ஒரு நொடி நினைத்தாள். உள்துணியைப் புரட்டினாள். கறுப்பு நூல் கிடைக்காமல், அக்கா வீட்டில் உட்கார்ந்து சிவப்பு நூலால் அவளே போட்ட தையல் பல்லைக் காட்டியது.

வீட்டுக்காரர் இதற்கு மட்டும் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறி ஓடினாள். கதவைத் திறந்த நர்ஸக்கா, அவள் கையில் இருந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"அடடே, கோட்டு ஐயா எழுந்துட்டாரா? உன் வீட்ல நல்ல தூக்கம்போல!"

"அக்கா, உங்களுக்கு... தெரியுமா?"

"என் கோட்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"உன் வீட்டுக்காரர் மூச்சுக்குத் தவிச்சிட்டிருந்தப்ப கோட்டையா கேப்பாங்க? அப்புறம் நாளாயிடுச்சு. என்னைக்காவது நீ மறுபடி ஊருக்குக் கிளம்புவ, பெட்டியத் திறப்பன்னு விட்டுட்டேன்."

தையல்காரம்மா தோளில் கிடந்த சால்வையை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டையும் போட்டுக்கோ. வர்றப்ப பெட்டியப் பிரிச்சுட்டு அப்புறமா காபி குடி, போதும்."

கீழே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். அவளுக்குக் கால் நகரவில்லை.

"அன்னைக்கு லிஃப்ட் வாசல்லயாவது, 'உன்கிட்டதான்டி இருக்கு'ன்னு சொல்லியிருக்கலாமேக்கா! நான் அவ்வளவு பேசினேனே!"

நர்ஸக்கா கோட்டை ஓர் உதறு உதறி, அவளுக்கு மாட்டிவிட்டு, குழந்தைக்குப் போடுவதுபோல் பொத்தான்களைப் போட்டார்.

"நாலு பேர் முன்னாலயா? இத்தனை வருஷம் கழிச்சு, சிரிச்சுக்கிட்டு ஊருக்குக் கிளம்புற முகம்டி அது. கேவலம் ஒரு கோட்டுக்காக அதைத் தொங்கப் போடச் சொல்றியா?"