பின்பாரம்

நல்ல எழுத்தைத் தமிழகம் ஒருநாளும் கைவிட்டதில்லை. எழுத்தாளர் சந்திரமௌலியைக் கைவிட்டது அவருடைய கார்தான். ஒரு பக்கமாகவே இழுத்தது.

ஈக்காட்டுத்தாங்கல் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஷரஃபுதீன் டேப் வைத்து உயரம் அளந்தார். "பின்னாடி ரெண்டு இஞ்ச் இறங்கிக்கீது சார். டிக்கியக் காலி பண்ணிட்டு அளந்தாத்தான் அலைன்மென்ட் சரியா வரும்."

"வேண்டாம்ப்பா, அப்படியே பண்ணு." சந்திரமௌலி அவசரமாகச் சொன்னார்.

"டயர் தேஞ்சுபூடும் சார்."

கூட வந்திருந்த பதிப்பாளர் ராகவேந்திரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "நானும் ஒரு கை பிடிக்கறேன் சார். ஒரே மாசத்துல உங்க புஸ்தகம் ஐந்நூறு காப்பியும் வித்துடுத்தே! ரெண்டாம் பதிப்பைப் பத்திப் பேசிண்டே இறக்கிடலாம்."

சாவி ஷரஃபுதீனிடம் இருந்தது. திறந்தார்.

உள்ளே ஐந்நூறு பிரதிகளும் இருந்தன, கடை ரசீதுகளோடு.