கொறிக்கும் சத்தம்

ஒரே ஓட்டுக்குள் இரண்டு வேர்க்கடலைகள் இருந்தார்கள், அக்காளும் தங்கையுமாக. அசைய இடமில்லாத நெருக்கம். தங்கையின் வயிற்றில் ஒரு புழு புகுந்து, ஓயாமல் அவளைக் கொறித்துக்கொண்டிருந்தது.

மூட்டையையே பூச்சி அரித்துவிடும் என்று, கிடங்கு ஆட்கள் எல்லாக் கடலையையும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். அனல் ஏறியது. அப்புறம் மெல்ல ஆறியது.

"இன்னும் வலிக்குதாடி?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லக்கா. அது செத்துப்போச்சு."

"சனியன் ஒழிஞ்சுது! அப்புறம் ஏன் அழற?"

"இந்த இருட்டுல அது கொறிக்கிற சத்தம்தான் எனக்குத் துணை. இப்ப ஒரு சத்தமும் இல்லக்கா."

திட்ட வாயெடுத்த அக்கா நிறுத்திக்கொண்டாள். சூட்டில் இருவரும் வற்றிப்போயிருந்ததால், ஓட்டுக்குள் இப்போது புரள இடம் இருந்தது. அவள் புரண்டு வந்து தங்கைமேல் மோதினாள். 'டொக்' என்று கேட்டது.

"இது போதுமா?"

"இன்னொரு தடவைக்கா."

வெளியே, கிடங்கில் வேலை பார்க்கும் பூங்காவனம் அந்தக் கடலையை எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்தாள்.

"கலகலங்குது. நல்லாக் காஞ்சிருச்சு" என்றாள்.