பத்துக்கு ஒன்பது

"தமிழ்ப் பாடத்துல மட்டும் எழுதுனாப் போதாது. கெமிஸ்ட்ரியிலயும் சொந்தமா எழுதப் பழகணும்" என்றார் ரகுநாத் சார். ஜெகதாப்பட்டினத்துப் பிளஸ் ஒன் பிள்ளைகள் பேனாவைத் திறந்தார்கள்.

"தலைப்பு, மீன் குழம்பு. லேப்ல எழுதுற மாதிரியே நோக்கம், தேவையான பொருள், செய்முறை எல்லாம் வரணும்."

வகுப்பே சிரித்தது. புவனேஸ்வரிதான் முதலில் எழுதி நீட்டினாள்.

"உப்பு தேவையான அளவுன்னா எவ்வளவு? கிராம்ல போடு. புளி எவ்வளவு நேரம் ஊறணும்? மீனை எப்பப் போடணும்? அடுப்படிப் பக்கமே எட்டிப் பாக்காத ஆம்பளகூட இதைப் படிச்சுக் குழம்பு வச்சிரணும்!"

அவள் அடித்து அடித்துத் திருத்தினாள். வாசலில் நின்று கேட்ட தலைமையாசிரியர், "எல்லாப் பாடத்துக்கும் இதைக் கொண்டுவரலாமே!" என்று பூரித்துப்போனார்.

திங்கட்கிழமை புவனேஸ்வரிக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண்.

"ஏன் சார் ஒண்ணு கொறச்சீங்க?"

"காரம் கொஞ்சம் தூக்கல்மா."

"ஒங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

ரகுநாத் சார் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து நான்தான் வச்சேன். 'அடுப்படிப் பக்கமே எட்டிப் பாக்காத மனுசன்'னு சண்டை போட்டு, ஊருக்குப் போகப் பெட்டி கட்டி வச்சிருந்தாங்க எங்க வீட்டம்மா. சாப்பிட்டுட்டுப் பெட்டியப் பிரிச்சுட்டாங்க!"