கப்பல் வந்த பக்கம்

கடிகாரக்காரர் கதைக்குள் கப்பல் எங்கிருந்து வந்தது?

தையல்காரிக்கு மண்டை காய்ந்தது.

வாசகர் வட்டத்தில் ஆளுக்கு நாலு வரி, அண்மையில் படித்துப் பிடித்துப்போன புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடிப்போன மகளுக்காகக் காத்திருக்கும் கடிகாரக்காரர் நாவலை அவள் சொன்னாள். நடுவில் திடீரென்று ஒரு கப்பல் வருகிறதே, புயலில் அதன் சமையல்காரன் பாடுகிறானே, அந்த இடத்துக்காகவே படிக்கலாம் என்றாள்.

பல் டாக்டர் விழித்தார். அவரிடமும் அதே நாவல் இருந்தது, சொந்தப் பிரதி. அதில் கப்பலும் இல்லை, கடலும் இல்லை.

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முடித்ததும் அதே நூலகப் பிரதியை வாங்கிப் படித்து, போன வாரம் திருப்பிக் கொடுத்தவர் அவர்தான்.

“கப்பலா? நான் படிச்சதுல அப்படி ஒண்ணும் வரலையேம்மா. வேற கதையில இருந்து ஓட்டிட்டு வந்துட்டியா?”

கூடமே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு கதையின் ஆளை இன்னொரு கதையில் தேடினாள். இப்போது கூடப்பிறந்தவளையே யாரென்று கேட்கிறாள்.

மறுநாள் கடையைத் திறக்காமல் நூலகத்துக்கு ஓடினாள். அலமாரியில் அதே பிரதி நின்றது.

புரட்டினாள்.

கப்பல் இருந்தது. தொண்ணூற்றேழாம் பக்கத்தில் பாதி வாக்கியத்தில் கிளம்பி, நூற்றுப் பன்னிரண்டில் பாதி வாக்கியத்தில் நின்றது.

தாளை விரலால் தடவினாள். அந்தப் பதினாறு பக்கம் மட்டும் ஒரு பொட்டுத் தடிமன். புத்தகத்தை நன்றாக விரித்துத் தையலைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தைப்பதில்லை. பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சடித்து, மடித்து, அந்த மடிப்புகளை அடுக்கித் தைக்கிறார்கள். அடுக்கிய கை தவறி, வேறு நாவலின் மடிப்பு ஒன்று இதற்குள் வந்துவிட்டது. பக்க எண் பொருந்திப்போனதால் யார் கண்ணிலும் படவில்லை. இந்தச் சட்டைக்கு வேறு சட்டையின் கை, அளவு பிசகாமல்.

அப்பாடா. அவளுக்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் மனுஷன் படித்து முடித்தேன் என்று அளந்ததெல்லாம் புளுகு! பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று சிரித்தபடியே பக்கங்களைத் தள்ளினாள்.

சமையல்காரன் பாடும் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், கணவரின் கோணல் கையெழுத்து.

‘கப்பல் அபாரம். இந்தப் பாட்டைப் பத்தி அவகிட்ட பேசணும்.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

பிறகு நின்ற இடத்திலிருந்தே, அக்காவைப் பார்க்கும் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தாள். நோயாளியின் பெயரைக் கேட்டார்கள்.

கணவரின் பெயரைச் சொன்னாள்.